பின்கதவின் ஊதாக் கோடுகள்

நான் சுத்தம் செய்த பொருள்களில் ஒன்றை மட்டும் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது. அது ஒரு ரொட்டி வேனின் பின்கதவு. அதன் உட்பக்கத்தில் ஆறு ஊதாக் கோடுகள் இருந்தன. அவற்றை மூன்று முறை அழித்தேன். இரண்டு முறை திரும்பி வந்தன. மூன்றாவது முறை வரவில்லை. எனக்கு நிம்மதி போனது அதற்குப் பிறகுதான்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில், குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. முன்பக்கம் ஒடுக்கம், பின்பக்கம் தாராளம். பின்னால் மாட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் தகரக் கூரை போட்டு நான் வண்டிகளை நிறுத்தியிருந்தேன். "மாடு இருந்த எடத்துல மாடே இருந்திருந்தா பாலாவது கெடைச்சிருக்கும்" என்று என் மனைவி வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள். வாகன இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் எனக்கு உத்தியோகம். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது எங்கே நசுங்கியது, எதனால் நசுங்கியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நசுங்கலைப் பார்க்கிறவனுக்கு நசுங்காத வண்டி ஒன்றைப் பார்க்க ஆசை வருவது இயல்புதானே.

அடையாறு பங்களாக்களில் பழைய கார் வைத்திருந்த கனவான்கள் சிலர் எனக்குப் பழக்கம். மேல் திறந்த கார், பித்தளை விளக்கு, தோல் இருக்கை என்று அவர்கள் உலகம் வேறு. நான் சேர்த்ததெல்லாம் சாமான் வண்டிகள். வெள்ளைக்காரன் ஊரிலிருந்து கப்பலில் வந்த அடிச்சட்டமும் இன்ஜினும். அதன் மேல் நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் தேக்குச் சட்டமும் தகரமும் வைத்துக் கட்டிய உடம்பு. வேன்களும் பிக்கப்புகளும். கனவான்கள் சிரிப்பார்கள். காரில் போனவனை ஊருக்கே தெரியும், வேன் ஓட்டினவனை யாருக்குத் தெரியும், அதனால்தான் வேன் சேர்க்கிறேன் என்று அவர்களிடம் பெரிதாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மொத்தம் மூன்று வண்டிகள். கம்பெனிப் பெயரைச் சொல்லி நான் அவற்றைக் கூப்பிட்டதில்லை. எதைச் சுமந்ததோ அதுதான் பெயர். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் இருபது வருஷம் பேல் சுமந்த பிக்கப்புக்கு ஜவுளி என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான முதலாளி, "எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, எடத்த அடச்சிக்கிட்டுல்லா கெடக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டே கொடுத்துவிட்டார். இன்னொன்று சோடா. மூன்றாவதுதான் ரொட்டி. புதுப்பேட்டையில் உடைக்கப் போட்டிருந்ததை, சுத்தியல் இறங்குவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். அதை வைத்திருந்த ரொட்டிக் கடையை மூடி வெகுநாள் ஆகியிருந்தது. ஆனால் மழை பெய்தால் தேக்குச் சட்டம் உப்பி, வண்டிக்குள்ளிருந்து ரஸ்க் வாசனை வரும். முதல் மழையில் அந்த வாசனை வந்தபோது, யாரோ உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. அப்போதே எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. தொழிற்சாலை வாசலை விட்டுக் கிளம்பிய அன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படி அதை நிறுத்த வேண்டும். அன்று இல்லாத எதுவும் இன்று இருக்கக் கூடாது. இதில் நான் அரக்கன். யாரோ ஒட்டிய சாமி படம், டிரைவர் சட்டை மாட்ட அடித்த ஆணி, கண்ணாடி ஓரத்தில் கட்டிய திருஷ்டிக் கயிறு, எல்லாவற்றையும் பிடுங்கி எறிவேன். கை வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வது ஆபீஸ் பழக்கம். எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில், எந்தத் துளை விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று அத்தனையும் இருக்கும். ரொட்டிக்கு மட்டும் நாற்பது பக்கம் எழுதினேன்.

அந்த நாற்பது பக்கத்தில் ஒரு வரி: "பின்கதவு, உட்புறம்: கறை."

பின்கதவின் உட்பக்கம் முதலில் பால் வெள்ளை பூசியிருந்தது. கீல்களுக்கு அடியில் அந்த வெள்ளை பத்திரமாக இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். மற்ற இடங்களில் பூச்சு உரிந்து மரம் வெளியே தெரிந்தது. அந்த மரத்தில்தான் ஆறு கோடுகள். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் மைப் பென்சில் அந்தக் காலத்தில் டெலிவரிக்காரர்கள் எல்லோர் காதிலும் இருக்கும். அந்தப் பென்சிலால் போட்ட கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போயின. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மங்கிய சிவப்பில் ஒரு பொட்டு. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு தாழ்ப்பாளின் அடி ஸ்க்ரூவுக்கு நேராக நின்றது. அதற்கும் அதன் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. மற்ற கோடுகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி இருந்தது.

காப்பி கொண்டுவந்த என் மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

"ஏன்னா, இது கறை இல்லை. கொழந்தைய நிக்க வெச்சு உசரம் பாத்திருக்கா."

"வண்டி கிளம்பின அன்னிக்கு இது கிடையாது" என்றேன்.

"நாம மட்டும் பொறந்த அன்னிக்கு இருந்தாப்லயா இருக்கோம்?"

டம்ளரை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பதில் தெரியாத கேள்வி வந்தால் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பது என் வழக்கம். தேய்த்தேன்.

ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு பெயிண்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். கை சுத்தமானவர், வாய் ஓயாதவர். அவர் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பால் வெள்ளையை இரண்டு பூச்சாக ஏற்றினார். கதவு பளபளவென்று நின்றது. பத்து நாள் கழித்து வந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது? உள்ளேர்ந்து வந்துகினுகீது."

வெள்ளைக்கு அடியிலிருந்து, பாலில் திராட்சைச் சாறு கலந்த மாதிரி, ஆறு கோடுகளும் எழும்பி வந்திருந்தன. பட்டி காய்வதற்கு முன் அடித்துவிட்டார் என்று அவரைக் கத்தினேன். அவர் சுரண்டி மறுபடியும் அடித்தார். இந்த முறை மூன்று பூச்சு. அடுத்த வாரம் நாலு நாள் விடாமல் மழை. மழை விட்டதும் கதவைத் திறந்தேன். கோடுகள் முன்னைவிட அடர்த்தியாக இருந்தன. ரஸ்க் வாசனை மூக்கில் ஏறியது.

"கோச்சுக்காத சார்" என்றார் பெயிண்டர். ஸ்ப்ரே கன்னைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "அது வரணும்னு வருது. இனிமே அந்தக் கதவ நான் தொட மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீது."

"பொண்ணுன்னு யார் சொன்னா?"

"பையன இப்டி கதவாண்ட நிக்க வச்சி அளப்பாங்களா சார்? அவன் எங்க நிப்பான்?"

காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பென்சில் மை மரத்துக்குள் இறங்கிவிடும். மேலே பெயிண்ட் பட்டால் தின்னரில் கரைந்து ஏறி வரும். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காரணம் தெரிந்தும் பயமாக இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பட்டப்பகலில் கொட்டிலுக்குப் போனால் அந்தக் கதவுக்கு முதுகு காட்டி நிற்க முடியவில்லை. கழுத்துக்குப் பின்னால் யாரோ குதிகாலைத் தூக்காமல், தலையை நிமிர்த்தி, மூச்சடக்கி நிற்கிற மாதிரி இருக்கும். ஆறாவது கோட்டுக்கு மேல் ஏன் ஏழாவது இல்லை என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறாவது ஏன் ஐந்தாவதை அவ்வளவு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டது. கேள்வியை நிறுத்த எனக்குத் தெரிந்தது ஒரே வழி.

ஒரு சனிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். கதவைக் கழற்றிப் பலகையின் மேல் படுக்கப் போட்டு, இழைப்புளியால் நானே இழைத்தேன். சுருள் சுருளாக ஊதாச் சீவல் விழுந்தது. ஊதா நின்று, பச்சைத் தேக்கு தெரிகிற வரைக்கும் இழைத்தேன். அதன் மேல் அரக்கைக் கரைத்து இரண்டு கை, அதன் மேல் வெள்ளிப் பூச்சு, அதற்கு மேல் பால் வெள்ளை. தாழ்ப்பாளைப் பழைய துளைகளிலேயே திருகினேன். கீழே விழுந்திருந்த சீவலைக் கூட்டி அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த வெந்நீரில்தான் அன்று குளித்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது வெந்நீர் போட்டுக் குளிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

கோடுகள் திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழை வந்து போயிற்று. கதவு வெள்ளையாகவே நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வண்டியில் என்னால் சரி பண்ண முடியாமல் போனது ஒன்றே ஒன்று. இரண்டாவது கியரில் ஒரு முனகல். கியர் பெட்டியை மூன்று முறை இறக்கி ஏற்றியும் அது போகவில்லை. அந்த முனகல்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

புரட்டாசி மாதம், ஒரு சாயங்காலம். உஸ்மான் ரோடில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு நகைக்கடை வாசலில் காக்கி உடுப்புடன் நின்றிருந்த வாட்ச்மேன் சட்டென்று தலையைத் திருப்பினார். கடையை அப்படியே விட்டுவிட்டு நடுரோட்டில் இறங்கி என் பக்கம் ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான மனிதர். ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்.

"சார், இது ரொட்டி வண்டிதானே? பெயிண்ட்ட வச்சு கண்டே புடிச்சிருக்க மாட்டேன். ரெண்டாங் கியர்ல மொனகுது பாரு, அத்த வச்சிதான் புடிச்சேன். பதினோரு வருசம் நான்தான் சார் ஓட்டினேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் வண்டியின் பழைய டிரைவர்!

"பின்னாடி கதவ ஒரு நிமிசம் தொறந்து காட்டறியா சார்?"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நான் அவசர அவசரமாக விலாசம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வாப்பா, ஆற அமரப் பார்க்கலாம், வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன் என்றேன்.

"புதுசு மாதிரியா?" என்று கேட்டார். ஜன்னலைப் பிடித்திருந்த கை நழுவியது. கண்ணாடியில் பார்த்தபோது அவர் ரோட்டின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெருமையில் காது அடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயை அப்படியே வைத்துவிட்டாள். "கதவையா கேட்டார்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. அவர் வராமல் இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு வந்தார். தனியாக வரவில்லை. கூட அவர் மனைவி. துவைத்து நீவிய சுங்கடிப் புடவை, கையில் ஒரு பையில் வாழைப்பழச் சீப்பு. நான் கேட்டைத் திறக்கும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "நான் வாணாம்னுதான் சார் சொன்னேன். வண்டியப் பாத்தேன்னு வாய் தவறி உளறிட்டேன். அவ கேக்கல" என்றார்.

அந்த அம்மாள் பழத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்க்காமல், நேராக ரொட்டி வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள்.

"தொற சாமி."

திறந்தேன். வெயில் பட்டு வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. அவள் கதவைக் கீழிருந்து மேலே பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். உள்ளங்கையை வைத்துத் தடவினாள். இரட்டைக் கதவின் மறு பாதியையும் திறந்து பார்த்தாள்.

"எங்கய்யா?" என்றாள் புருஷனைப் பார்த்து. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அழிச்சேன்" என்றேன். "அழுக்குன்னு நெனச்சேன்."

பொய். அழுக்கு இல்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவள் இரண்டடி தள்ளி வாழைப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பின்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"என் பொண்ணு சாமி. ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இந்தாளு வண்டியக் கழுவி, பொட்டு வச்சி, எங்கள ஏத்திகினு பீச்சு வரிக்கும் ஒரு ரவுண்டு போவாரு. போறதுக்கு முன்னாடி அத்த இந்தக் கதவாண்ட நிக்க வச்சி கோடு போடுவாரு. கோட்டுக்கும் ஒரு பொட்டு வைப்பாரு. ஆறு கோடு போட்டாரு. ஏழாவதுக்கு அது இல்ல. காய்ச்ச வந்து ஆஸ்பத்திரில பூட்டுச்சு. ஒம்போது வயசு."

அவர்கள் முன்பு இருந்த ஆற்றங்கரைக் குடிசையில் குழந்தையின் போட்டோ ஒன்றே ஒன்று இருந்ததாம். வெள்ளத்தில் குடிசையோடு அதுவும் போய்விட்டது. அப்புறம் அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். குழந்தையின் துணி இல்லை, செருப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

"அதுக்காவ வரல சாமி" என்றாள். "ஆஸ்பத்திரில வெள்ளக் கோட்டு போட்ட ஒருத்தரு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. புள்ளைக்கு சோறு போடறியா இல்லியா, வயசுக்குத் தக்கன வளரவே இல்லியேன்னு. சோறு போடாதயா இருந்தேன்? என் வயித்தக் கட்டி அதுக்குப் போட்டேன். அது நல்லா வளந்துதான் இருந்துச்சு. என் மாரு வரிக்கும் வந்துச்சு. இந்தாளு இல்லன்றாரு. சின்னதாதான் இருந்துச்சுன்றாரு. இத்தினி வருசமா எங்களுக்குள்ள இதேதான் சண்டை. கோட்டப் பாத்தா தெரிஞ்சிடும்னு வந்தேன்."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "உன்ன சொல்லணும்னு சொல்லல. சின்னதா அழகா இருந்துச்சுன்னுதான் சொன்னேன்."

"எதோ ஒண்ணு. சின்னதுன்னியா இல்லியா?" அவள் எழுந்தாள். "எது வரிக்கும் இருந்துச்சு? காட்டு."

அவர் கை தானாக உயர்ந்து தாழ்ப்பாளின் அடி ஸ்க்ரூவுக்கு நேரே போய் நின்றது. கொஞ்சமும் தடுமாறவில்லை. ஆறு வருஷம் அந்த இடத்தில் மண்டியிட்டுக் கோடு போட்ட கை. உடனே கையை எடுத்துவிட்டார். அவள் அதற்கு ஒரு சாண் மேலே, தன் மார்புக்கு நேரே, உள்ளங்கையை வைத்தாள். வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"நீதானே அழிச்சே. அழிச்சவனுக்குத் தெரியும் இல்ல. நீ சொல்லு."

மூன்று முறை நான் அந்தக் கோடுகளோடு மல்லுக்கு நின்றவன். கண்ணை மூடினாலும் சொல்வேன். அடி ஸ்க்ரூ. மயிரிழைகூடப் பிசகாது. வாழ்நாள் முழுக்க அளவில் பொய் சொல்லாதவன் நான். அரை அங்குலம் தள்ளிப் போட்ட ஆணிக்காக டிங்கரோடு சண்டை போட்டு அவரை வேலையை விட்டே ஓட வைத்தவன். ஐந்தாவது கோட்டுக்கும் ஆறாவது கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இல்லாததையும் பார்த்தவன். கடைசி வருஷம் அந்தக் குழந்தை வளரவே இல்லை என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். அதில் நானும் ஒருவன். அவள் கை கதவின் மேலேயே இருந்தது.

"நீங்க கை வெச்சிருக்கற எடந்தாம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. சிரித்தாள். "கேட்டியா? கேட்டியாய்யா?" என்று புருஷனின் தோளில் அடித்தாள். "நல்லா இருந்துச்சு. சோறு துன்னுட்டு நல்லாத்தான் வளந்துச்சு." பிறகுதான் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். டிரைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. என் மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். பொய்யன் என்று நினைக்கிறார், நினைக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு என் மனைவி கேட்டாள்.

"அடி ஸ்க்ரூவுக்கு நேரேதானே இருந்தது?"

"ஆமாம்."

"எனக்கும் ஞாபகம் இருக்கு." காப்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "போறது போங்கோ. ஒரு தடவையாவது அளக்காம விட்டேளே" என்றாள்.

அவள் சமாதானம் எனக்கு ஒட்டவில்லை. அன்றிலிருந்து நாலு நாளைக்கு ஒரு தரம் பின்கதவைத் திறந்து பார்ப்பேன். யாரோ கூடுதலாகச் செருகியிருந்த ஸ்பிரிங் பட்டைகளை நான் எடுத்துவிட்டதில் வண்டி இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. ஆகவே அடி ஸ்க்ரூவே இப்போது பழைய இடத்தில் இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடுவேன். ஒரு சாணில் இரண்டு விரலைக் கழித்தாலும் மிச்சம் பொய்தான். எது வரக் கூடாது என்று பாடுபட்டேனோ அது வந்துவிடாதா என்று மழை நாளில் வெள்ளையை உற்றுப் பார்ப்பேன். வந்தால் என் பொய்யும் கூடவே வெளியே வரும் என்ற பயமும் இருக்கும். வர வேண்டும், வரக் கூடாது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொள்கிற நிலைமை என் பகையாளிக்கும் வேண்டாம். முன்பு முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும் என்றேனே, இப்போது அந்தக் குழந்தையும் இல்லை. அங்கே ஒருவரும் நிற்கவில்லை என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. என் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள், இருவரும் வந்தார்கள். டிரைவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை அவரே கழுவினார். நான் கழுவினால் இரண்டு மணி நேரம் ஆகும். அவர் அரை மணியில் முடித்தார், என்னைவிடச் சுத்தமாக. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, முன்கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அந்த அம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கதவைத் திறந்து, தன் மார்புக்கு நேரே, பெரிய சந்தனப் பொட்டு வைத்து அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். கதவை மூடாமல் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

ஓட்டுகிறீர்களா என்று டிரைவரிடம் சாவியை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போனோம். முன்னால் அவரும் நானும். பின்னால், ரொட்டித் தட்டு அடுக்குகிற இடத்தில், ஜமுக்காளம் விரித்து இரண்டு பெண்களும். இரண்டாவது கியரில் வண்டி முனகியபோது அவர் மட்டும் சிரித்தார்.

மறுநாள் காலை நான் ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு, மனைவிக்குத் தெரியாமல் கொட்டிலுக்குப் போனேன். அடி ஸ்க்ரூவுக்கு நேரே ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும் என்று ராத்திரியே தீர்மானித்திருந்தேன். அந்த அம்மாள் வைத்த இடத்தில் அவளுடையது இருக்கட்டும். குழந்தை நின்ற இடத்தில் என்னுடையது ஒன்று இருந்தால் எனக்கு ஆறும் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தேன். மேலே பெரிய பொட்டு, காய்ந்து வெடித்திருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, தாழ்ப்பாளின் அடி ஸ்க்ரூவுக்கு நேரே, கதவின் ஓரத்தில், நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், சின்னதாக இன்னொரு பொட்டு ஏற்கெனவே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி வைத்தது. ரேகைகூடத் தெரிந்தது.

அன்றைக்கு டிரைவர் என்னைப் பார்த்த பார்வை கோபம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பொட்டு இரண்டையும் நான் துடைக்கவில்லை.